எல்லைக் கோட்டையை எறிவீரபட்டினமாக்கிய கதை

‘தி கீப் ஆன் த பார்டர்லேண்ட்ஸ்’ (எல்லைக் கோட்டை) ஒருவழியாக எங்கள் மேசையில் ஓட ஆரம்பித்துவிட்டது. பகடை உருட்டிக் கதையாக ஆடும் பழைய டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் பக்கம் எட்டிப் பார்த்த யாருக்கும் இந்த மாட்யூலின், அதாவது ஆயத்தச் சாகசப் புத்தகத்தின், பெயராவது தெரிந்திருக்கும். ஒரு கோட்டை, அதற்கு வெளியே அரக்கர்கள் வாழும் குகைகள், அவ்வளவுதான் களம். கேரி கைகாக்ஸ் எழுதி 1979 கடைசியில் வெளிவந்தது. புதியவர்களுக்கான பேசிக் பெட்டிக்குள்ளேயே வைத்து விற்றதால் பரவலாகப் போய்ச் சேர்ந்தது. எல்ஃப், ட்வார்ஃப், பாதிரி, பறக்கும் கம்பளம் எதுவும் இல்லாத ‘வாளும் மாந்திரீகமும்’ வகை உலகத்துக்கு அதை மாற்றுவதுதான் என் வேலை. எதை வெட்டினேன், எது நொண்டியது, எவ்வளவு செலவானது என்பதை மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன்.

வகை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: நாயகர்கள் உலகைக் காப்பாற்ற வந்தவர்கள் இல்லை, கடனை அடைக்க வந்தவர்கள். மாந்திரீகம் அரிது, தொட்டவனைச் சும்மா விடாது. பூதம் ஒன்றோ இரண்டோ இருக்கும், மற்றபடி எதிரி என்றால் மனிதன்தான்.

ஆட்டம் நடப்பது சிங்கப்பூர் ஈசூனில், எங்கள் வீவக அடுக்குமாடி வீட்டுச் சாப்பாட்டு மேசையில். நான் டிஎம், அதாவது ஆட்டத்தை நடத்துகிறவன். ஆடுகிறவர்கள் என் தங்கை, அவள் கணவர், ஒரு பொறியாளர் நண்பர், தாதியாக வேலை பார்க்கும் அவர் மனைவி. அந்த அம்மாவின் ஷிஃப்ட் அட்டவணைதான் எங்கள் பஞ்சாங்கம். கடைசி எம்ஆர்டி ரயிலுக்கு முன்னால் கலைய வேண்டும், எனவே ஓர் அமர்வு என்றால் மூன்று மணி நேரம். மாட்யூலை ஆறிலிருந்து ஒன்பது பேர் ஆடுவதாக வைத்து எழுதியிருக்கிறார்கள். இங்கே நான்கு பேர். மாற்றங்கள் பலவற்றுக்கு வகையைவிட இந்த எண்ணிக்கைதான் காரணம்.

விதிகள் 1981-இல் வந்த பேசிக் விதிகள். புதிய பதிப்புகளில் முதல் நிலை ஆட்களுக்கே திறமைகள் குவிந்து கிடக்கின்றன, அதையெல்லாம் சுரண்டி எடுப்பதற்குப் பதில் மெலிந்த விதியில் இரண்டு சேர்ப்பது சுலபம்.

உலகத்துக்காக நான் ரொம்பச் சிரமப்படவில்லை. ராஜேந்திர சோழனின் மெய்க்கீர்த்தியில் அவன் 1025 வாக்கில் கடல் கடந்து அடித்த ஊர்களின் வரிசை இருக்கிறது: பண்ணை, மலையூர், மாயிருடிங்கம், இலங்காசோகம், மாப்பப்பாளம், தலைத்தக்கோலம், மாதமாலிங்கம், கடாரம். இதைவிட நல்ல ஊர்ப்பெயர்களை நானாக உட்கார்ந்து யோசித்திருக்க முடியாது. பெரிய படை வந்து அடித்துவிட்டுப் போய் ஒரு தலைமுறை ஆகிறது. துறைமுகங்களில் அரசன் இல்லை, வணிகக் குழுவும் அதன் கூலிப்படையும்தான் ஆட்சி. வரலாற்றுப் பாடம் நடத்தும் எண்ணம் எனக்கு இல்லை, பெயர்களை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை இஷ்டத்துக்கு வளைத்தேன்.

எல்லைக் கோட்டைக்கும் ஓர் ஆயத்த உரு கிடைத்தது. ஐந்நூற்றுவர் போன்ற வணிகக் குழுக்கள் தங்கள் சொந்த வீரர்களை வைத்துக் காவல் காத்த ஊர்களுக்கு எறிவீரபட்டினம் என்று பெயர். அந்தக் குழுவின் கை சுமத்ரா வரை நீண்டிருந்ததற்கு பாரூஸ் பக்கம் லோபு துவாவில் கிடைத்த 1088-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு சாட்சி. பாரூஸ் என்றாலே கற்பூரம். ஆக, கோட்டை மரவேலி போட்ட கற்பூரக் கிடங்காகிவிட்டது, கோட்டைத் தலைவன் குழுவின் முகவர். தேவாலயம் இருந்த இடத்தில் எடை போடும் மண்டபம். வரைபடத்தில் ஒரு கோடுகூட மாற்றவில்லை.

அடுத்தது குறியிடும் வேலை. பிடிஎஃப் சில அமெரிக்க டாலர்தான். பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸில் கறுப்பு வெள்ளையில், ஒரு பக்கம் மட்டும் அச்சிட்டுச் சுருள் பைண்டிங் போட்டேன். எதிர்ப்பக்கம் வெற்றாக இருக்க வேண்டும், அங்கேதான் மாற்றங்களை எழுதுவது. இரண்டு பக்கமும் அச்சிட்டுக் காசு மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள், பிறகு ஒட்டுத்தாள்களாக ஒட்டிப் புத்தகம் மூடாது. மூன்று நிற ஹைலைட்டர்: பச்சை அப்படியே, மஞ்சள் மாற்று, இளஞ்சிவப்பு வெட்டு.

முதல் சுற்றில் புத்தகம் முழுக்க இளஞ்சிவப்பாக இருந்தது. எல்ஃப் போச்சு, ட்வார்ஃப் போச்சு, ஹாஃப்லிங் போச்சு, பாதிரி போச்சு, மந்திரவாதி போச்சு. கோபால்ட், கோப்லின், ஆர்க், ஹாப்கோப்லின், நோல், பக்பேர் என்ற அரக்க இனங்கள் எல்லாரும் ‘கொள்ளையர்’. மாயப் பொருள்கள் பத்தில் ஒன்பது நீக்கம். ஆடிப் பார்த்தோம். சப்பென்று இருந்தது. அதே குகை, அதே கதவு உடைப்பு, அதே எண்ணிக்கை. முன்னால் பச்சைத் தோல் இருந்த இடத்தில் இப்போது பழுப்புத் தோல். அதைவிட மோசம், கழித்தலால் மட்டுமே ஆன உலகத்தில் ஆடுகிறவர்களுக்குச் செய்ய எதுவும் மிஞ்சவில்லை. தங்கையின் கணவர் ஒரு குகையை முடித்துவிட்டுக் கேட்டார்: “மச்சான், இவங்களையெல்லாம் நாம ஏன் கொல்றோம்?” என்னிடம் பதில் இல்லை. மூல நூலில் அந்தக் கேள்வியே எழாது. அரக்கன், அதனால் கொல்கிறோம். அரக்கனை மனிதனாக்கிய உடனே ஒவ்வொரு குகைக்கும் ஒரு காரணம் தேவைப்படுகிறது.

கோபால்ட் குகையில் இது பட்டவர்த்தனமாகத் தெரியும். அங்கே பெண்களும் குட்டிகளும் இத்தனை என்று எண்ணிக்கை போட்டே இருக்கிறது. 1979-இல் அது வெறும் கணக்கு. மனிதர்களாக மாற்றி அதே வரியை மேசையில் வாசித்தால் யாரும் பகடையைத் தொட மாட்டார்கள். தொடவும் கூடாது. அந்தக் குகையை உப்பளத்திலிருந்து தப்பி ஓடிவந்த குடும்பங்களுக்குக் கொடுத்தேன். சண்டைக்கு உதவாத குகை, ஆனால் காட்டுவழி அத்தனையும் அவர்களுக்குத்தான் தெரியும்.

காசை மாற்றியது

உண்மையில் ஆட்டத்தைத் திருப்பியது பணம். பேசிக் விதிப்படி ஒரு பொற்காசை ஊருக்குப் பத்திரமாகக் கொண்டுவந்தால் ஓர் அனுபவப் புள்ளி. வீரன் இரண்டாம் நிலைக்குப் போக 2000 புள்ளி வேண்டும், திருடனுக்கு 1200. இந்த விதி நல்ல விதி, ஆனால் இதன் விளைவாக எல்லாரும் சேமிக்கிறார்கள். கொஞ்ச நாளில் ஒவ்வொருவனும் நல்ல கவசம், மூட்டை நிறையப் பணம் என்று செட்டில் ஆகிவிடுகிறான். செட்டில் ஆனவன் எதற்கு மறுபடி குகைக்குள் போவான்?

அதனால் ஒரு சொல்லை மட்டும் மாற்றினேன். கொண்டுவந்த பொன்னுக்குப் புள்ளி இல்லை, விரயம் செய்த பொன்னுக்குத்தான் புள்ளி. குடி, சூது, சேவல்கட்டு, கோயிலுக்குக் கொடை, எதுவானாலும் சரி. வாள் வாங்கினால் கணக்கில் வராது. இது என் கண்டுபிடிப்பு இல்லை, பழைய பாணி ஆட்டக்காரர்களிடையே பல வடிவங்களில் உலவுகிறது.

நாணயத்துக்குப் பெயர் வைப்பதில் ஒரு சின்னத் தகராறு. ‘வெள்ளி’ என்றால் மேசையில் எல்லாருக்கும் சிங்கப்பூர் வெள்ளி ஞாபகம் வருகிறது, ‘காசு’ என்றால் சில்லறை. கடைசியில் கழஞ்சு. மூல நூலின் பத்துப் பொற்காசு ஒரு கழஞ்சு, ஒரு கழஞ்சை விரயம் செய்தால் 10 புள்ளி. ஆக வீரன் நிலை ஏற 200 கழஞ்சைக் கரைக்க வேண்டும். எண்கள் சிறியதாகிவிட்டதால் பேரம் பேச வசதி. “25 கழஞ்சு” என்று சொல்லும்போது ஆட்கள் நிமிர்ந்து உட்காருகிறார்கள், “250 பொற்காசு” என்றபோது யாரும் நிமிர்ந்ததில்லை.

குவியலாகக் கிடந்த நாணயங்களில் பாதியைச் சரக்காக்கினேன்: கற்பூரம், மிளகு, புடவைக் கட்டு. நாணயத்தை இடுப்பில் முடியலாம். மிளகு மூட்டையைச் சுமக்க ஆள் வேண்டும், ஆளைக் கூலிக்குப் பிடித்தால் அவன் வாய் சும்மா இருக்காது. ஒரே மாற்றத்தில் கூலியாட்கள், வதந்தி, வழிப்பறி மூன்றும் தானாக வந்து சேர்ந்தன.

ஊருக்குத் திரும்பியதும் ஒவ்வொருவரும் ஓர் ஆறுமுகப் பகடை உருட்ட வேண்டும். வந்த எண்ணைப் பத்தால் பெருக்கினால் அன்றிரவு கரைத்த கழஞ்சு. கையில் அவ்வளவு இல்லையென்றால் மிச்சம் கடன். கடன் வணிகக் குழுவின் ஓலையில் ஏறும். இந்த இடத்தில் மூல நூலே எனக்குக் கை கொடுத்தது. கோட்டைக்குள் சிரித்த முகத்தோடு ஒரு பாதிரி தங்கியிருக்கிறார். உண்மையில் அவர் எதிர்ப்பக்கத்து ஒற்றர். கூடவே குகைக்கு வந்து நடுவழியில் காலை வாருவார். பாதிரியே இல்லாத உலகத்தில் இவரை என்ன செய்வது என்று அந்தப் பக்கம் நெடுநாள் மஞ்சளாகவே கிடந்தது. கடன் விதி வந்ததும் அவர் வணிகக் குழுவின் கணக்குப்பிள்ளையாகிவிட்டார்.

தங்கையின் பாத்திரம் ஒரு கப்பலோட்டி. முதல் இரவே ஐந்து விழுந்து, 50 கழஞ்சு கரைத்து, அதில் 30 கடன். மறுநாள் காலை கணக்குப்பிள்ளை இளநீரோடு வந்து நிற்கிறார். “அம்மா, இந்த ஓலையைக் கிழித்துவிடலாம். அடுத்த முறை குகைப்பக்கம் போகும்போது என்னையும் கூட்டிப் போங்கள், போதும்.” தங்கை என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “அண்ணே, இந்த ஆளு சரியில்ல.” சரியில்லை என்று தெரிந்தும் கூட்டிப் போனார்கள், ஏனென்றால் 30 கழஞ்சு. மூல நூலின் பாதிரியை அப்படி யாரும் தெரிந்தே கூட்டிப் போக மாட்டார்கள். வகை மாறியது எனக்கு உறைத்தது இந்த இடத்தில்தான். மந்திரத்தைக் குறைத்ததாலோ எல்ஃபை நீக்கியதாலோ அது மாறவில்லை.

குகைகள்

பள்ளத்தாக்கில் பதினொரு குகைகள், ஆங்கில எழுத்து வரிசையில் ஏ முதல் கே வரை. அவ்வளவு கூட்டமும் கூப்பிடு தூரத்தில் வாழ்வது அரக்கர்கள் என்றால் கண்டுகொள்ளாமல் விடலாம். மனிதர்களென்றால் தண்ணீர் எங்கே, சோறு எங்கே என்று பொறியாளர் கேட்பார். ஏழு குகைகளை மட்டும் வைத்துக்கொண்டேன். இரண்டு ஆர்க் குகைகளும் (பி, சி), யாரும் அண்டாத ஜி-யும், நோல்களின் ஜே-யும் இடிந்து மூடிவிட்டன. ஆர்க்குகள் ஆற்றுமுகத்தில் இரண்டு படகுக் கொள்ளைக் கூட்டங்களானார்கள். ஜி-யில் இருந்த ஆந்தைக்கரடி ஒரு கிழட்டுப் புலியாகி எதிர்பாராச் சந்திப்புப் பட்டியலுக்குப் போய்விட்டது. எந்தக் குகையிலும் சண்டையிடக்கூடியவர்கள் பன்னிரண்டு பேருக்கு மேல் இல்லை.

டி-யும் ஈ-யும் பெயர்களைத் தவிர முழுக்கப் பச்சை. கோப்லின்களுக்கு அடுத்த குகையில் ஓகர் என்ற ராட்சதன் இருக்கிறான். ஆபத்து என்றால் ரகசியக் கதவு வழியாக 250 பொற்காசு மூட்டையை அவனிடம் வீசுவார்கள், அவன் வந்து அடிப்பான். இதைவிட இந்த வகைக்கு ஏற்ற ஒரு பத்தி அந்த நூலில் கிடையாது. கோப்லின்கள் கற்பூரக் கடத்தல்காரர்கள், ஓகர் ஊர்விலக்கப்பட்ட மல்லன், மூட்டை 25 கழஞ்சு. ஆடியவர்கள் ஒளிந்திருந்து இதைப் பார்த்துவிட்டார்கள். தாதி அம்மா உடனே, “நாங்க 30 தர்றோம்” என்றார். மல்லன் யோசித்தான். இரண்டு பகடை உருட்டினேன். பேசிக் விதியில் சந்திப்பு மனநிலைக்கு 2-இலிருந்து 12 வரை ஓர் அட்டவணை உண்டு: 2 என்றால் பாய்ந்து தாக்குவான், 12 என்றால் ஒட்டிக்கொள்வான். விழுந்தது 10. அன்றிலிருந்து மல்லன் அவர்கள் ஆள்.

ஹாப்கோப்லின்கள் படையிலிருந்து ஓடிவந்த கூலிவீரர்கள். அவர்கள் குகையில் ஒரு வணிகனும் மனைவியும் காவலர்களும் சிறையிருக்கிறார்கள், விருந்துக்குச் சமைப்பதற்காக. இங்கே அதை மீட்புப்பணத்துக்காக என்று மாற்றினேன். நரமாமிசத்தை நீக்கியது மென்மைக்காக இல்லை. தின்னப் போகிறவனிடம் பேரம் பேச முடியாது, பணம் கேட்கிறவனிடம் பேசலாம்.

பக்பேர் குகையின் வாசலில் ஓர் அறிவிப்பு மாட்டியிருக்கும்: பாதுகாப்பு, ஓய்வு, உள்ளே வந்தால் சூடான சாப்பாடும் படுக்கையும். மூல நூலில் இது இருண்ட நகைச்சுவை. என் கையில் அது தர்மசத்திரமாயிற்று. துறைமுகத்துக்குப் போகிற யாத்திரிகர்களை உபசரித்து, தூங்கும்போது கழுத்தை நெரித்துப் பின்பக்கப் பள்ளத்தில் போடும் ஐந்தாறு பேர். பக்பேர்கள் பகடையில் 1 முதல் 3 வரை விழுந்தால் எதிராளியைத் திடுக்கிட வைப்பார்கள் என்பது விதி, மற்ற பிராணிகளுக்குப் பொதுவாக 1 அல்லது 2. அந்த எண்ணை அப்படியே சத்திரக்காரர்களுக்குக் கொடுத்தேன், பிசகாமல் பொருந்தியது. அறிவிப்பை ஓலை மாதிரி வெட்டிய அட்டையில் எழுதிக் கொடுத்தேன். தங்கை வாசித்தாள்.

“அண்ணே, சாப்பாடு ஃப்ரீயா?”

“ஆமா.”

“அப்ப கண்டிப்பாக் கொல்லப் போறானுங்க.”

கண்டுபிடித்துவிட்டார்கள், சரி. ஆனாலும் உள்ளே போனார்கள், சாப்பிட்டார்கள், தூங்குகிற மாதிரி படுத்துக்கொண்டார்கள். அந்த அறையில் நடந்த அடிதடிதான் இதுவரை நாங்கள் ஆடியதிலேயே அசிங்கமான சண்டை. விளக்கு இல்லை, கவசம் இல்லை.

எதிரிகளின் வலிமையைத் தொடும்போது ஒன்றைச் சொல்ல வேண்டும். பக்பேருக்கு ‘மூன்று கூட்டல் ஒன்று’ உயிர்ப்பகடை, அதாவது எவ்வளவு அடி தாங்கும் என்ற அளவு. மனிதனுக்கு அது அதிகம், நாலைந்து வெட்டு வாங்கியும் நிற்கிற சத்திரக்காரனை யார் நம்புவது? எல்லாருக்கும் ஒன்று, தலைவனுக்கு மூன்று என்று தட்டையாக்கினேன். மல்லனுக்கு மட்டும் ஓகரின் ‘நான்கு கூட்டல் ஒன்று’ அப்படியே. அதற்குப் பதில் மனவுறுதி எண்ணை மட்டும் கவனமாக வைத்தேன்: உப்பளத்தார் 6, கடத்தல்காரர் 7, கூலிவீரர் 8, தலைவன் பக்கத்தில் நின்றால் 10, சத்திரக்காரர் 9. இரண்டு பகடை கூட்டி இந்த எண்ணைத் தாண்டினால் ஓடுவார்கள் அல்லது கும்பிடு போடுவார்கள். பலர் இந்த விதியை மறந்துவிட்டு ஆடுகிறார்கள். மனிதர்கள் எதிரிகளாக இருக்கும் ஆட்டத்தில் இது இல்லாவிட்டால் ஒவ்வொரு சண்டையும் கடைசிப் பிணம் வரை இழுக்கும்.

மந்திரமும் மருந்தும்

பாதிரியை நீக்கினால் யார் காயம் ஆற்றுவது என்று பயந்தேன். 1981 பேசிக்கில் முதல் நிலைப் பாதிரிக்கு மந்திரமே கிடையாது, இரண்டாம் நிலையில்தான் முதல் மந்திரம். ஆக ஆரம்பத்தில் இழப்பு ஒன்றுமில்லை. நடமாடும் பிணங்களை விரட்டும் ஆற்றல் போகும், அவ்வளவுதான்.

ஆனால் முதல் நிலை ஆள் நான்கு அல்லது ஐந்து உயிர்ப்புள்ளியோடு, ஆற்றுவாரும் இல்லாமல் நடப்பது கொடுமை. சண்டை முடிந்ததும் ஒரு மிடறு கள் குடித்தால் ஓர் ஆறுமுகப் பகடை அளவு திரும்பும் என்று வைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு சண்டைக்குப் பிறகும் முழுசாகத் தேறிவிட்டார்கள், அபாயமே போயிற்று. இப்போது நாளுக்கு ஒரு தடவை மட்டும், அதுவும் கலயத்தை ஒருவர் கையில் தூக்கி வர வேண்டும், அந்தக் கையில் கேடயம் பிடிக்க முடியாது. கேடயத்துக்கும் ஒரு விதி சேர்ந்தது: ஓர் அடியை முழுதாகத் தவிர்க்கலாம், ஆனால் கேடயம் தூள். கலயமா கேடயமா என்று ஒவ்வொரு காலையும் சச்சரவு நடக்கிறது. கேட்க இனிமையாக இருக்கிறது.

மந்திரவாதிப் பாத்திரத்தை முற்றிலும் எடுத்தது சரிப்படவில்லை. தூக்க மந்திரம் ஒன்றால் இரண்டு எண்முகப் பகடை அளவு உயிர்ப்பகடை எதிரிகளைச் சாய்த்துவிடலாம் என்பது அந்த விதியின் பெரிய ஓட்டை, அது போனதில் வருத்தமில்லை. ஆனால் மாந்திரீகம் எதிரியிடம் மட்டும் இருந்தால் ஆடுகிறவர்களுக்கு அதன் ருசி தெரியாது. பயமும் வராது.

வழி தேசிய அரும்பொருளகத்தில் கிடைத்தது. சிங்கப்பூர் ஆற்றின் முகத்துவாரத்தில் நின்ற எழுத்துப் பொறித்த பெரும் பாறையை 1843-இல் வெடிவைத்துத் தகர்த்தார்கள். மிஞ்சிய ஒரு துண்டு அங்கே இருக்கிறது. அதில் உள்ள எழுத்தை இன்றுவரை முழுதாகப் படித்தவர் இல்லை. என் உலகத்திலும் ஒரு பாறை உடைந்திருக்கிறது. ஒவ்வொரு துண்டிலும் ஒரு மந்திரம். துண்டைத் தொட்டுக்கொண்டு யார் வேண்டுமானாலும் முயலலாம், மந்திரவாதியாக இருக்க வேண்டியதில்லை. இரண்டு பகடை: 10-உம் மேலும் வந்தால் நினைத்தது நடக்கும், 7 முதல் 9 வரை நடக்கும், ஆனால் விலை உண்டு, 6-உம் கீழும் வந்தால் விலை மட்டும். விலைப்பட்டியலைச் சின்னதாக வைத்தேன்: ஒரு நாள் பேச்சு போகும், தாயின் முகம் மறக்கும், நிழல் தாமதமாக வரும், காய்ச்சல். மொத்த மாட்யூலிலும் மூன்று துண்டுகள்தான். தூக்க மந்திரம் அதில் ஒன்று.

கோயிலாக இருக்கும் கே குகையின் பூசாரி மீதித் துண்டுகளைத் தேடுகிறவர், கணக்குப்பிள்ளை அவருக்காக ஊரில் கண் வைத்திருப்பவர். அங்கே சங்கிலியில் கட்டிக் கிடக்கும் மெடூசாவை நீக்கவில்லை. பாம்புத் தலையை மட்டும் எடுத்துவிட்டு, முகத்தைச் சாக்கால் மூடிய ஒரு பெண்ணாக வைத்தேன். பார்த்தால் கல்லாவது அப்படியே. அவளும் ஐ குகையின் மினோட்டார் என்ற காளைத்தலை மனிதனும்தான் இந்த முழு மாட்யூலில் மனிதரல்லாத இருவர். அதுவே அதிகமோ என்று இன்னும் யோசிக்கிறேன்.

மேசையும் செலவும்

வரைபடத்துக்கு மாஜோங் தாள். பள்ளிக் குழுவேலைக்கு வாங்குவோமே, அதேதான். மூல நூலில் ஒரு கட்டம் 10 அடி, கிட்டத்தட்ட 3 மீட்டர். தாளில் 3 சென்டிமீட்டர் கட்டம் போட்டால் சரியாக 1:100 அளவு. பொறியாளருக்கு இதில் ஏக திருப்தி. மார்க்கர் மறுபக்கம் ஊறும், மேசைமேல் பழைய தமிழ் முரசு விரித்துக்கொள்ளுங்கள்.

ஆட்களுக்குக் கொடி போட்ட அழிப்பான்கள். பள்ளியில் விரலால் சுண்டி ஒன்றின் மேல் ஒன்றை ஏற்றி ஆடினோமே, அவைதான். ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு நாட்டுக் கொடி. யார் எந்தக் கூட்டம் என்று ஒரு பார்வையில் தெரிகிறது. கூட்டத்திலிருந்து ஓடியவர்களைக் குப்புறக் கவிழ்த்து வைக்கலாம். உலோக உருவங்கள் வாங்கினால் இதற்கு இருபது மடங்கு ஆகும். எந்த நாட்டுக் கொடி சத்திரக்காரர்களுக்கு என்பதை மட்டும் வெளியில் சொல்வதில்லை.

பிடிஎஃப், அச்சு, பைண்டிங், தாள், மார்க்கர், ஹைலைட்டர், அழிப்பான் எல்லாம் சேர்த்து 30 வெள்ளிக்குள் முடிந்தது. ஆட்டத்துக்குப் பிறகு பரோட்டாக் கடையில் போனதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

திரும்பச் செய்தால் வரிசையை மாற்றுவேன். முதலில் பணவிதி, அடுத்து ஊரில் யார் யாருக்குக் கடன், அப்புறம்தான் குகைகள், கடைசியில் மந்திரம். நான் பிராணிகளில் ஆரம்பித்தேன், அதனால் பாதிப் பக்கங்களை இரண்டு முறை எழுத வேண்டிவந்தது. கடன் விதியில் ஓர் உச்சவரம்பு வேண்டும். தங்கை இப்போது 110 கழஞ்சு பாக்கி, அவளைக் கட்டிப்போட அந்த ஓலை ஒன்றே போதுமென்றாகிவிட்டது. கொஞ்சம் சுலபமான பொருளில் பழக விரும்புகிறவர்கள் டாம் மோல்ட்வேயின் ‘தி லாஸ்ட் சிட்டி’யை (1982) எடுக்கலாம். பாலைவனத்தில் புதைந்த பிரமிடு, முகமூடி போட்டுத் திரியும் மக்கள், ஒன்றுக்கொன்று ஆகாத மூன்று கூட்டங்கள், அடியில் ஒரே ஒரு பெரும்பூதம். முக்கால்வாசி வேலையை அவரே முடித்து வைத்திருக்கிறார், பாதிரிகளையும் நாணயங்களையும் தொட்டால் போதும்.

ஐ குகை இன்னும் பாக்கி. மினோட்டாரின் அந்தச் சுற்றுப்பாதையில் திசை குழம்பும் மந்திரம் இருக்கிறது, வரைபடம் போடுகிறவர் எவ்வளவு கவனமாகப் போட்டாலும் தப்பாகத்தான் வரும். நான் மாஜோங் தாளில் சரியாக வரைந்து விரித்துவிட்டால் குழப்பம் எங்கே இருந்து வரும்? ஒரு தடவை மேலோட்டமாக முயன்றபோது தாதி அம்மா தாளைப் பார்த்தே நேராக வெளியே வந்துவிட்டார். அந்தக் குகைக்குத் தாள் விரிக்கப் போவதில்லை. வாயால் மட்டும் சொல்லுவேன், பென்சில் பொறியாளர் கையில். திருப்பங்களை முன்கூட்டியே எழுதிய அட்டைகளை ஒவ்வொரு முறையும் கலைத்துப் போட்டு, எடுத்ததை வாசிப்பதாகத் திட்டம். அட்டைகள் வெட்டியாயிற்று, எழுத வேண்டியதுதான் மிச்சம்.